பாரிஸ் இந்திய உணவகத்தில் 31 யூரோ கொடுத்து இனிப்புக் குருமா சாப்பிட்டேன்

கும்பகோணத்தான் | செவ்வாய், இரவு 11:40

அலுவலக வேலையாக ஐந்து நாள் பாரிஸ் வந்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் ரொட்டி, சீஸ், சாலட் என்று ஓட்டியாயிற்று. இன்றைக்கு நாக்கு செத்துப்போய், தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் இந்திய உணவகத்தைப் பார்த்ததும் கால் தானாக அங்கே திரும்பிவிட்டது. மாலை ஆறு மணி. கதவு பூட்டியிருந்தது. ஏழு மணிக்குத்தான் திறப்பார்களாம். ஒரு மணி நேரம் குளிரில் சுற்றிவிட்டு மறுபடி போனேன்.

உள்ளே மர யானை, ராஜஸ்தான் ஓவியம், சிதார் இசை. மட்டன் குருமா, சோறு, ஒரு சாதா நான் சொன்னேன். குடிக்க என்ன என்று கேட்டார்கள். தண்ணீர் என்றேன். காரம் எப்படி என்று கேட்டார்கள். நல்ல காரமாக, இந்தியர்கள் சாப்பிடுகிற மாதிரி என்று இரண்டு தடவை சொன்னேன். பரிமாறியவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

வந்தது பாயசம். மிகைப்படுத்தவில்லை. கிரீம், பாதாம் சீவல், நடுவில் ஐந்து துண்டு கறி. சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கித் தட்டில் கவிழ்த்திருந்தார்கள், உச்சியில் ஒரு கொத்தமல்லி இலை. பச்சை மிளகாய் கேட்டதற்கு ஒரு குட்டிக் கிண்ணத்தில் சிவப்பாக ஏதோ சாஸ் வந்தது, அதுவும் இனிப்பு!

பில்: குருமா 16.50, சோறு 4.50, நான் 3.50, தண்ணீர் 6.50. மொத்தம் 31 யூரோ. அதற்கு மேல் 3 யூரோ டிப்ஸ் வைத்துவிட்டு வந்தேன். இந்த ஊரில் இதுதான் வழக்கமா, இல்லை என் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா?


ஈஸ்ட்ஹாம் ரவி | செவ்வாய், இரவு 11:58

இந்தியச் சாப்பாட்டுக்குப் பாரிஸ் போனது உங்கள் தப்பு. அங்கே கார் து நோர் ரயில் நிலையத்தில் வண்டி ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் லண்டன். இங்கே 1810-லேயே இந்திய உணவகம் திறந்தாயிற்று. நம் நாட்டில் ரயில் விடுவதற்கு முன்னால்!


மிஷன்தெரு | புதன், காலை 7:15

ரவி, 1810-இல் திறந்தவர் இரண்டே வருடத்தில் திவாலானார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கும்பகோணத்துத் தம்பிக்கு: நான் புதுச்சேரி, இங்கே வந்து 28 வருடம் ஆகிறது. உன் பில்லில் உன்னை ஏமாற்றியது ஒன்றே ஒன்றுதான், தண்ணீர். இங்கே வெறுமனே 'தண்ணீர்' என்றால் பாட்டிலைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து வைத்துவிடுவார்கள். 'ஊன் கராஃப் தோ' என்று கேட்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கண்ணாடிக் குடுவையில் வரும், காசு கிடையாது. 2022 முதல் இலவசத் தண்ணீர் உண்டு என்று கடைக்காரர்களே கண்ணில் படுகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எழுதுகிற இடம் மட்டும் கழிப்பறைக் கதவுக்குப் பக்கமாக இருக்கும்.

டிப்ஸும் வேண்டாம். பில்லின் அடியில் 'செர்வீஸ் கொம்ப்ரி' என்று பொடி எழுத்தில் இருந்திருக்கும். பரிமாறுகிற கூலி விலையிலேயே அடங்கிவிட்டது என்று அர்த்தம். பிடித்திருந்தால் சில்லறையை விட்டுவிட்டு வா, இல்லாவிட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

காரம் தனிக் கதை. பிரெஞ்சில் 'எப்பிசே' என்றால் மசாலா போட்டது என்று பொருள். ஏலக்காய் போட்ட கேக்கும் எப்பிசேதான். மிளகாய்க் காரத்துக்கு 'பிமொந்தே' என்று சொல்ல வேண்டும். அப்படியே சொன்னாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. உச்சக் காரத்தை 'ஃபோர்' என்பார்கள், அது எங்கள் வீட்டில் குழந்தைக்கு ஊட்டுகிற ரசம்.


நெய்வேலி நந்தினி | புதன், காலை 9:02

அண்ணா, நான் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவள். இரவில் போகவே போகாதீர்கள். மதியம் 'ஃபோர்முல்' போட்டிருப்பார்கள்: முதலில் ஒரு சமோசாவோ பஜ்ஜியோ, பிறகு ஒரு கறி, சோறு, நான், எல்லாம் சேர்த்து நான் போகிற இடத்தில் 13 யூரோ. ஒரே கவலை நேரம்தான். மதியம் இரண்டரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

அப்புறம், சீஸ் நான் சாப்பிட்டீர்களா? சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். இந்த ஊர் இந்திய உணவகங்களில் எனக்குப் பிடித்த ஒரே பொருள்.


கும்பகோணத்தான் | புதன், காலை 9:20

நானுக்குள் சீஸா? அந்தப் பாவத்தை வேறு செய்ய வேண்டுமா?

அக்கா, தண்ணீர் விஷயம் நெஞ்சில் குத்துகிறது. 6.50 யூரோ. ஊரில் அந்தக் காசுக்கு ஒரு வாரம் டிபன் சாப்பிடுவேன்.


குசினிக்காரன் | புதன், பின்னேரம் 4:10

தம்பி, நீங்கள் சாப்பிட்ட கடை எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குருமாவைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பாத்திரம் கழுவுகிற வேலையில் தொடங்கி, இப்போது 19 வருடமாக இங்கே ஓர் 'இந்திய' உணவகக் குசினியில் நிற்கிறேன். முதலாளி பாகிஸ்தான்காரர். தந்தூர் அடுப்பில் நிற்பவர் பஞ்சாபி. கறி நான். ராஜஸ்தானை எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

நடப்பதைச் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு ஒரு பெரிய சட்டியில் வெங்காயம். கிலோ கணக்கில். இஞ்சி, உள்ளி, தக்காளி, மஞ்சள் போட்டு ஒன்றரை மணித்தியாலம் அவிய விட்டு அரைத்துவிடுவோம். கடை முழுக்க அந்த ஒரு சட்டிதான். கோழி, ஆட்டிறைச்சி எல்லாம் முன்னரே பாதி அவித்து வைத்திருக்கும். மெனுவில் ஐம்பத்துச் சொச்சம் பெயர் இருக்கும். ஆர்டர் வந்ததும் தாச்சியில் ஓர் அகப்பை அந்தக் குழம்பு. கிரீமும் கஜு விழுதும் போட்டால் குருமா. கீரை விழுது போட்டால் சாக். வெண்ணெய், தக்காளிப் பேஸ்ட், கிரீம், காய்ந்த வெந்தய இலை போட்டால் பட்டர் சிக்கன். வினாகிரியும் உருளைக்கிழங்கும் போட்டால் விந்தாலு. கோவாக்காரர் பார்த்தால் அழுவார், அவர்களுடைய விந்தாலுவில் கிழங்கே கிடையாது. ஏழு நிமிடத்தில் கோப்பை வெளியே போக வேண்டும். இரண்டு பேர் நின்று எண்பது பேருக்குக் கொடுப்பதற்கு வேறு வழி இல்லை. லண்டனிலும் இதே கூத்துத்தான், ரவி அண்ணை சொல்லமாட்டார்.

உறைப்பு ஏன் இல்லை என்றால், கோப்பை திரும்பி வரும். பிரெஞ்சுச் சனம் உறைத்தால் முகம் சிவந்து, தண்ணீர் குடித்து, பிறகு கணினியில் போய் ஒரு நட்சத்திரம் போட்டுவிடும். உங்களைப் போல் மாதத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். வருபவரும் குருமாவைக் கேட்கிறார்! குருமாவில் உறைப்பைத் தேடினால் நான் என்ன செய்ய?

சீஸ் நானைப் பகிடி பண்ணாதீர்கள், அதுதான் எங்களுக்குச் சம்பளம். மூன்று மணிக்குக் கடை பூட்டிய பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சிரிக்கிற பசு மாட்டுப் படம் போட்ட சீஸ் பெட்டிகளைப் பிரிப்பேன். முக்கோணத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு நூல், அதை இழுத்தால் வெள்ளித் தாள் கிழியும். சனிக்கிழமை என்றால் இருநூறு துண்டு. நகக்கண்ணில் எல்லாம் அந்த மணம் ஏறிவிடும். 1921-இல் இருந்து இந்தச் சனம் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் கொண்டுபோன சீஸ் அது. மாவுக்குள் வைத்துச் சுட்டுக் கொடுத்தால் தாய்வீட்டுக்கு வந்த மாதிரி முகம் மலரும். இந்தியாவைச் சாப்பிட வந்தவருக்கு அவருடைய சின்ன வயதைக் கொடுத்து அனுப்புகிறோம்.

நீங்கள் லாச்சப்பலுக்குப் போங்கள், நம் தமிழ்க் கடைகள் இருக்கிற இடம், பிரெஞ்சில் லா ஷபேல். கார் து நோரிலிருந்து ஐந்து நிமிட நடை. மெத்ரோ என்றால் இரண்டாம் நம்பர் கோடு, லா ஷபேல் நிலையம். வழி கேட்கத் தமிழே போதும்.


செட்டிநாட்டு மிளகாய் | புதன், மாலை 6:45

இதையெல்லாம் பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். ஒரே குழம்பை ஐம்பது பெயரில் விற்பது மோசடி இல்லாமல் என்ன? நம் சமையலை உலகம் இப்படித்தான் தெரிந்துகொள்ளும். அசலைக் கொடுங்கள், பிடித்தவன் சாப்பிடட்டும்.


குசினிக்காரன் | புதன், இரவு 11:50

இப்போதுதான் வேலை முடிந்தது, மெத்ரோவில் இருக்கிறேன். 'பிடித்தவன் சாப்பிடட்டும்' என்று நடத்திய கடைகளை எனக்குத் தெரியும். அந்த இடத்தில் இப்போது தொலைபேசி உறை விற்கிறார்கள்.


மிஷன்தெரு | வியாழன், காலை 7:30

மிளகாய், அசல் எது? எங்கள் அப்பா 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டவர். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குழம்பில் வினிகர் இருக்கும், அதில் தொட்டுச் சாப்பிட பாண் ரொட்டி இருக்கும். தஞ்சாவூர் மாமி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு இது குழம்பே இல்லை என்றாள். அவள் வைத்த சாம்பாரில் சர்க்கரை இருந்தது. நாங்கள் அதைச் சாம்பார் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த ஊரில் எழுபதுகளில் இந்தியச் சாப்பாடு என்றால் பாசாழ் ப்ராதிதான். 1828-இல் கட்டிய கண்ணாடிக் கூரைச் சந்து. அரிசியும் மஞ்சள்தூளும் அங்கே கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு முதல் தடவை போனவர்கள் வாசலில் நின்று மூக்கால் இழுத்துக்கொண்டே நின்ற கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அந்தச் சந்தில் நடந்தால் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுக்காத குறை. சாப்பாட்டை விட்டுவிடு, மளிகைக்கும் முடிவெட்டவும் போகலாம்.

83-க்குப் பிறகு இலங்கைப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களால்தான் லா ஷபேலில் கறிவேப்பிலை கட்டாகக் கிடைக்கிறது. அதற்கு முன் ஊரிலிருந்து வருபவர் பெட்டியில் செய்தித்தாள் சுற்றிக் காய்ந்து வரும். இது உனக்குப் புரியாது, மிளகாய்.


கும்பகோணத்தான் | வியாழன், இரவு 10:15

லாச்சப்பல் போய்விட்டு வந்தேன்! படம் எடுக்கவில்லை, கை எச்சில்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஃபோபூர் சாந்தெனி தெருவில் திரும்பியதும் முதலில் கேட்டது சத்தம். இரும்புத் தட்டில் இரண்டு தகடு அடிக்கிற கொத்து ரொட்டிச் சத்தம். வரிசையாக நகைக்கடை, புடவைக்கடை, கட்டுக் கட்டாக முருங்கைக்காய். குசினிக்கார அண்ணா சொன்னது போலத் தமிழிலேயே வழி கேட்டேன். பதில் சொன்னவர் 'நேரே போய் வலக்கைப் பக்கம் திரும்புங்கோ' என்றதும் ஏனோ தொண்டை அடைத்தது. இத்தனைக்கும் நான் ஊரைவிட்டு வந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை.

நான் உட்கார்ந்த கடையில் யானையும் இல்லை, சிதாரும் இல்லை. ஃபார்மைக்கா மேசை, தொலைக்காட்சியில் ஏதோ சீரியல். உட்காரும் முன்னே எவர்சில்வர் ஜக்கில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா, கேட்கவே இல்லை! இடியாப்பம், சொதி, ஆட்டுக்கறி, சம்பல் சொன்னேன். சொதி என்றால் எனக்குத் திருநெல்வேலிக் கல்யாணச் சொதிதான் தெரியும். இது வேறு. மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப் பால், அதில் பச்சை மிளகாய் நீளமாகக் கீறி மிதக்கிறது, கடைசியில் எலுமிச்சை பிழிந்த புளிப்பு. இடியாப்பம் அதை உறிஞ்சித் தளர்ந்த பிறகு மேலே கறிக் குழம்பு. கறி கிட்டத்தட்ட கறுப்பு. வறுத்த மிளகாய்த்தூளின் வாசனை. மூன்றாவது வாயில் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. காகிதத் துணியை அவர்களே கட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். தினமும் பார்க்கிற காட்சி போல.

ஒரு ரோல்ஸும் பால் தேநீரும் சேர்த்து 14 யூரோ.

ஒரு வருத்தம்: பக்கத்து மேசைக்கு வந்த தோசையைப் பார்த்தேன். அதை நான் தோசை என்று சொல்ல மாட்டேன்.


குசினிக்காரன் | வியாழன், இரவு 11:55

ஈழத்துக் கடையில் தோசையைப் பார்த்துக் குறை சொல்கிறீர்கள், கும்பகோணத்துக்கு வந்து நான் எங்கள் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் கேட்டேனா?

சந்தோசம் தம்பி. ஆகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்தில் வந்தீர்கள் என்றால் ரூ பஜோல் பிள்ளையார் கோயில் தேரையும் பார்க்கலாம். தெரு முழுக்க தேங்காய் உடைப்பார்கள். பிரெஞ்சுச் சனம் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்கும். அன்றைக்கு மட்டும் எங்கள் முதலாளிக்கு ஆள் கிடைக்காது.


வெண்டைக்காய்_விசிறி | வெள்ளி, காலை 8:05

நான் சுத்த சைவம், அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு வருகிறேன். இந்த நானில் முட்டை உண்டா?


குசினிக்காரன் | வெள்ளி, பின்னேரம் 3:40

எங்கள் கடை மாவில் முட்டை உண்டு. கேட்டால் தந்தூரி ரொட்டி போட்டுத் தருவோம், அதில் கோதுமை மா, உப்பு, தண்ணீர் மட்டும். 'சைவம்' என்று சொன்னால் சில பரிமாறுகிற பிள்ளைகள் மீன் பரவாயில்லையா என்று கேட்பார்கள், கோபிக்க வேண்டாம். அப்பா அம்மாவைப் பேசாமல் லாச்சப்பலுக்குக் கூட்டிப் போங்கள், மரக்கறி மட்டும் சமைக்கிற கடை இருக்கிறது.


கும்பகோணத்தான் | சனி, காலை 6:20

விமான நிலையத்தில் இருக்கிறேன். கடைசிக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று இரவு இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் வழியனுப்பு விருந்து என்றார்கள். ஓர் அம்மாள் எனக்காகவே யோசித்து, 'உங்கள் ஊர்ச் சாப்பாடு' என்று முன்பதிவு செய்துவிட்டார். எங்கே? அதே கடை. அதே யானை.

சீஸ் நான் வந்தது. அந்த அம்மாள் பிய்த்ததும் வெள்ளையாக நூல் இழுத்தது, அவர் கண்ணை மூடிக்கொண்டார். சரி என்று நானும் ஒரு துண்டு எடுத்தேன். நந்தினி, மூன்று சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லாதே.

எல்லோரும் காபி குடிக்கிற நேரத்தில் கை கழுவப் போகிற சாக்கில் சமையலறைக் கதவுப் பக்கம் போனேன். உள்ளே ஒருவர் தாச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நம் அண்ணாவாகவே இருந்துவிட்டால் என்று ஒரு நப்பாசை. 'அண்ணா, தமிழா?' என்றேன். விழித்தார். 'பாங்லா' என்றார். வங்கதேசத்துச் சில்ஹெட்காரராம். அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும் சேர்ந்தால் ஒரு வாக்கியம் தேறாது. செவ்வாய்க்கிழமை வந்தேன், காரம் இல்லை என்று சைகையில் சொல்லி நாக்கை நீட்டிக் காட்டினேன். 'ஜால்?' என்றார். வங்காளத்தில் காரத்துக்கு அதுதான் சொல் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே அடுப்புக்குப் பின்னால் தட்டு போட்டு மூடி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்தார். அவருடைய இராச்சாப்பாடு. அவித்து மசித்த உருளைக்கிழங்கு, பச்சை வெங்காயம், எண்ணெயில் கறுக வறுத்துக் கையாலேயே நொறுக்கிய காய்ந்த மிளகாய், மேலே பச்சைக் கடுகெண்ணெய். ஒரு கைப்பிடிச் சோற்றில் பிசைந்து, கரண்டி தேடாமல் அப்படியே உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார்.

கடுகெண்ணெய் மூக்கு வழியாக மண்டைக்கு ஏறியது. மிளகாய் அதற்குப் பின்னால் வந்தது. கண்ணில் தண்ணீரோடு மேசைக்குத் திரும்பினேன். அந்த அம்மாள் பிரிவுத் துயரம் என்று நினைத்துத் தோளில் தட்டிக் கொடுத்தார்.


குசினிக்காரன் | சனி, காலை 9:30

ஆலு பர்த்தா! எங்கள் குசினியில் முன்பு ஒரு சில்ஹெட் பெடியன் இருந்தான், தினமும் அதுதான். முதல் மாதம் அந்த எண்ணெய் மணத்துக்கு நான் வெளியே போய் நிற்பேன். இப்போது வீட்டில் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன், மனுசிக்குத் தெரியாமல்.


மிஷன்தெரு | சனி, காலை 10:05

அதெல்லாம் இருக்கட்டும். நேற்று தண்ணீருக்கு எவ்வளவு போட்டார்கள்?


கும்பகோணத்தான் | சனி, காலை 10:20

ஊன் கராஃப் தோ, அக்கா. எட்டுப் பேருக்கு மூன்று குடுவை. பூஜ்யம்.